நடுப் போர்ஷன்

மார்ச் 3

பாப்பா,

போன் செய்தால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் உன் வீட்டுக்காரரிடம் கொடுத்துவிடுகிறாய். அவர் பாவம், மழை வெயில் என்று நாலு வார்த்தை பேசிவிட்டு வைத்துவிடுகிறார். அதனால் எழுதுகிறேன். கிழித்துப் போடுவதற்குள் பாதியாவது படிப்பாய் இல்லையா?

உன் அண்ணன் போன பிறகு அந்தக் கட்டடம் என்ன ஆயிற்று என்று நீ கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் நான் சொல்ல வேண்டும், பாதிப் பணம் உன்னுடையது. கீழே சைக்கிள் கடைக்காரர் அப்படியேதான் இருக்கிறார். நடுப் போர்ஷனில் பேக்கரியில் ரொட்டி சுடும் ஒருவர், அவர் மனைவி, இப்போதுதான் பேசப் பழகும் ஒரு பெண் குழந்தை. மேல் போர்ஷன் காலி. அதையும் சரிசெய்து வாடகைக்கு விட்டுவிட்டால் கடன் தவணை தன்னைத்தானே கட்டிக்கொள்ளும் என்று உன் அண்ணன் கணக்குப் போட்டு வைத்திருந்தார். பத்திரம் பதிந்து நாலு மாதத்தில் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு இந்தத் தொழில் தெரியாது. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவள் திடீரென்று வீட்டுக்காரி ஆகிவிட்டேன். முதல் மாதம் வாடகை வாங்கப் போனேன். ரொட்டிக்காரர் மனைவி கதவைத் திறந்து "வாங்கக்கா, உட்காருங்க" என்றாள். தண்ணீர் கொடுத்தாள், குடித்தேன். குழந்தையைக் கொஞ்சினேன். வந்த காரியத்தைச் சொல்ல நாக்கு எழவில்லை, எழுந்து வந்துவிட்டேன். தெருமுனையில் அவளே பின்னால் ஓடி வந்து, "என்னக்கா, வாடகைய வாங்காமலே போறீங்க" என்று கையில் திணித்தாள்.

இப்போது கொஞ்சம் தேறிவிட்டேன். குழாய்க்கு வாஷர் மாற்றத் தெரியும். புரோக்கர் எப்போது பொய் சொல்கிறார் என்பது பாதி நேரம் தெரியும். நானே நடத்திப் பார்க்கிறேன், பாப்பா. ஒரு வருஷம் பொறுத்துக்கொள். சரி என்று ஒரு வரி எழுது.

அண்ணி

மார்ச் 15

அண்ணிக்கு,

கிழிக்கவில்லை. கிழித்தால் அதற்கும் ஒரு கடிதம் எழுதுவீர்கள்.

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்றார்கள். வாங்கி வாடகைக்கு விட்டுப் பார் என்று சேர்த்துச் சொல்ல ஏனோ மறந்துவிட்டார்கள். கட்டடத்தைப் பார்த்த அன்றைக்கு அண்ணன் எனக்குப் போன் செய்து என்ன சொன்னான் தெரியுமா? "நாம தூங்கினாலும் வீடு தூங்காது பாப்பா, அது பாட்டுக்குச் சம்பாதிச்சுக்கிட்டே இருக்கும்." ஆஸ்பத்திரி லாண்டரியில் ரத்தமும் சீழுமாக வரும் விரிப்புகளை வெளுத்துச் சேர்த்த பணம், அண்ணி. அவன் கேட்டதும் எடுத்துக் கொடுத்தேன். நீங்கள் வளையல்களைக் கழற்றிக் கொடுத்தீர்கள். நீங்கள் ஒரு வார்த்தை வேண்டாம் என்றிருந்தால் நின்றிருப்பான். வேலை முடிந்த கையோடு அந்தக் கட்டடத்துக்கு ஓடி ஓடியே அவன் நெஞ்சு விட்டுப்போனது. சாவு வீட்டில் நான் பேசியது தப்பாக இருக்கலாம், பொய் இல்லை.

இங்கே என் வீட்டுக்காரருக்கு வேலை போய் எவ்வளவோ நாளாகிவிட்டது. எங்கள் ஹவுஸ் ஓனர் வாடகையை ஏற்றிவிட்டார். படியில் அவர் செருப்புச் சத்தம் கேட்டால் நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொள்கிறேன். அரைக் கட்டடத்துக்குச் சொந்தக்காரி வாடகை பாக்கிக்குப் பயந்து ஒளிந்துகொண்டிருக்கிறாள். வேறு யாருக்காவது நடந்திருந்தால் நானே விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

ஒரு வருஷமெல்லாம் முடியாது. உள்ளதும் போவதற்குள் விற்றுவிடுங்கள். ஆள் குடியிருக்கும்போதே விற்றால் நல்ல விலை போகும் என்கிறார்கள். என் பங்கை அனுப்பிவிட்டு நிம்மதியாக லென்ஸ் தேயுங்கள்.

பாப்பா

ஏப்ரல் 6

பாப்பா,

நீ சொன்னபடியே புரோக்கரிடம் சொல்லிவிட்டேன். அந்த வாரமே ஒரு கணவன் மனைவியைக் கூட்டிவந்தார். கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். அவர்களுக்கு இதுதான் முதல் முயற்சி. நம்மைப் போலவே அரைகுறையாக எதையோ கேட்டுவிட்டு, நிறையத் தலையாட்டினார்கள். பிடித்திருக்கிறது என்றார்கள்.

அதோடு நின்றிருந்தால் இந்தக் கடிதம் சந்தோஷமாக இருந்திருக்கும். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடுப் போர்ஷனின் பின்னறையில் சீலிங்கிலிருந்து ஒரு பொருக்கு உதிர்ந்து என் தோளில் விழுந்தது. வேன்காரர் கவனிக்கவில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. எங்கள் கடைக்குக் கண்ணாடி மாற்ற வரும் ஒரு இன்ஜினியரிடம் சொல்லிக் கூட்டிப்போனேன். அவர் ஸ்டூல் போட்டு ஏறி, சுத்தியலின் பின்பக்கத்தால் தட்டிக்கொண்டே வந்தார். ஹாலில் ஒரு சத்தம், பின்னறையில் வேறு சத்தம். பழைய தகர டப்பாவைத் தட்டுவது போல. இரண்டு அறையுமே சரியில்லை, பின்னறை ரொம்ப மோசம் என்றார்.

"மேல் பாத்ரூம் தண்ணி வருஷக்கணக்கா இறங்கியிருக்கும்மா. உள்ள கம்பி துருப்பிடிச்சு ஊதிப்போச்சு. ஆளைக் காலி பண்ண வச்சிட்டு, காங்கிரீட்டை உடைச்சு எடுத்துத்தான் சரி பண்ணணும்."

"எவ்வளவு நாள் தாங்கும் சார்?"

"நாளைக்கே விழலாம். பத்து வருஷம் நிக்கவும் நிக்கலாம். நான் என்ன ஜோசியமா பார்க்கிறேன்?"

சொன்னதை எழுதிக் கையெழுத்துப் போட்டும் கொடுத்தார். அதைப் புரோக்கரிடம் காட்டினால் அவர் வாய்விட்டுச் சிரிக்கிறார். "எந்த வீட்டுலம்மா விரிசல் இல்ல? பட்டி பார்த்து ரெண்டு கோட் அடிங்க. வாங்கின மாசமே வாடகை கைக்கு வருதுன்னா எவன் அண்ணாந்து பார்க்கப் போறான்?"

இதைத் தனியாக முடிவு செய்ய எனக்குத் தைரியம் இல்லை. நீ சொல்.

அண்ணி

ஏப்ரல் 14

அண்ணி,

பட்டி பார்த்து அடிக்கச் சொல்லுங்கள். இதைக் கேட்க ஒரு கடிதமா?

நமக்கு விற்றவன் நம்மிடம் சொன்னானா? சூதுவாது தெரியாதவன் தலையில் கட்டிவிட்டு ஆள் காணாமல் போய்விட்டான். அண்ணனுக்கு மட்டும் அந்தச் சீலிங் சங்கதி தெரிந்திருந்தால் அந்தக் கட்டடத்துப் பக்கமே போயிருக்க மாட்டான், யாரையும் குடிவைத்திருக்கவும் மாட்டான். உலகத்தில் எல்லோரும் கைமாற்றி விட்டுப் போகும்போது நாம் மட்டும்தான் அரிச்சந்திரன் பெற்ற பிள்ளைகளா?

பத்து வருஷம் நிற்கலாம் என்று இன்ஜினியரே சொல்லியிருக்கிறார். அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். சீக்கிரம் முடியுங்கள்.

பாப்பா

ஏப்ரல் 29

பாப்பா,

நீ கோபப்படுவாய். கடைசிவரை படித்துவிட்டுக் கோபப்படு.

வேன்காரரும் மனைவியும் முன்பணம் கொடுக்க என் வீட்டுக்கே வந்தார்கள். புரோக்கர் பேனாவைத் திறந்து வைத்திருந்தார். வேன்காரர் என்னைப் பார்த்து, "எனக்கு இன்னும் எத்தனை வருஷம் வண்டி ஓட்ட முடியும்னு தெரியலம்மா. ஓட்ட முடியாதப்ப இந்த வீடு எங்களை ஓட்டிரும்" என்றார். உன் அண்ணன் பேசியது போலவே இருந்தது. அதே முகவெட்டு, அதே வெட்கம். நான் சீலிங்கைப் பற்றிச் சொல்லிவிட்டேன். இன்ஜினியர் எழுதிக் கொடுத்ததையும் எடுத்து வைத்தேன்.

நன்றி சொல்வார்கள் என்று நினைத்தேனோ என்னவோ. அந்தப் பெண் குழம்பிப்போய், "இதை எதுக்கு எங்ககிட்ட சொல்றீங்க? விலை ஏத்தவா?" என்றாள். பிறகு எழுந்து போனார்கள். புரோக்கர் போகும்போது கதவைக்கூடச் சாத்தவில்லை. இப்போது என் எண்ணைப் பார்த்தால் எடுப்பதில்லை.

அடுத்ததைத்தான் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ரொட்டிக்காரர் மனைவியிடம் போய், வேறு வீடு பார்த்துக்கொள்ளுங்கள், சீலிங் சரியில்லை என்றேன். அவள் ஆச்சரியப்படவே இல்லை. "சார்கிட்ட அப்பவே சொன்னோமேக்கா. அவரே வந்து ஏணி போட்டு ஏறிப் பார்த்தாரு. அடுத்த ஞாயித்துக்கிழமை பட்டி, பெயிண்டு எல்லாம் வாங்கிட்டு வந்து அவரே அடிச்சாரு. மேல் போர்ஷனுக்கு ஆள் வரட்டும், அந்தப் பணத்துல முழுசாப் பண்ணித் தர்றேன்னாரு" என்றாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தலையெல்லாம் வெள்ளைப் பொடியோடு வந்தார், எனக்கு நினைவிருக்கிறது. நானே வெந்நீர் வைத்துக் கொடுத்தேன்.

அவருக்குத் தெரிந்திருந்தது, பாப்பா.

அவர்கள் காலி செய்யத் தயார். ஆனால் குடிவரும்போது கொடுத்த அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தால்தான் அடுத்த வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்க முடியும். அதை உன் அண்ணன் மேல் போர்ஷனுக்குக் குழாய் போடச் செலவழித்துவிட்டார். பாதியை நான் அங்கே இங்கே புரட்டிவிட்டேன். மீதிப் பாதியை உன்னால் அனுப்ப முடியுமா? அவர்கள் முதலில் வெளியே வரட்டும். கட்டடத்தை என்ன செய்வது என்று பிறகு பேசலாம், சண்டையும் போடலாம்.

அண்ணி

மே 8

அண்ணி,

செத்தவன் எழுந்து வந்து பதில் சொல்ல மாட்டான் என்ற தைரியமா?

கைக்கு வந்த வியாபாரத்தைக் கெடுத்தது நீங்கள். அதற்கு ஒரு காரணம் வேண்டும், அண்ணன் கிடைத்தான். வாடகைக்கு இருக்கிறவள் ஏதோ சொன்னாளாம், நீங்கள் நம்பிவிட்டீர்களாம். நானும் வாடகைக்கு இருக்கிறவள்தான். எங்களுக்கு வாய் எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும்.

சின்ன வயதில் தேள் கொட்டியபோது என்னைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க ஓடியவன் அவன். அவனா, மேலே இருந்து விழும் என்று தெரிந்தும் கீழே ஒரு பிள்ளையைப் படுக்க விட்டிருப்பான்?

என்னிடம் பணம் இல்லை. இருந்தாலும் இதற்குக் கிடையாது.

பாப்பா

மே 24

பாப்பா,

உன் அண்ணனைப் பற்றி எழுதியதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பேனா ஓடவில்லை.

சீலிங்கைத் தாங்க இரும்பு முட்டுகள் வாடகைக்கு எடுத்து ஹாலில் நிறுத்தியிருக்கிறேன். குழந்தை அங்கேதான் விளையாடுகிறது. பின்னறைக்கும் நிறுத்தினால் பாய் விரிக்க இடம் இருக்காது என்று ரொட்டிக்காரர் வேண்டாம் என்றுவிட்டார். இரவெல்லாம் அடுப்படியில் நின்றுவிட்டு வருகிறவர், பகலில் அந்த அறையில்தான் தூங்குகிறார். ஹாலில் படுங்கள் என்றால், குழந்தை சத்தத்தில் தூக்கம் வராது என்கிறார். என் வீட்டு முன்னறையில் வந்து இருங்கள் என்றும் சொல்லிப் பார்த்தேன். "ஓசியில இருந்தா நாளைக்கு உங்ககிட்ட அட்வான்ஸைக் கேட்க வாய் வராதும்மா. பணத்தைக் குடுங்க, அன்னைக்கே போயிர்றோம்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை.

வங்கியில் கேட்டேன், என் சம்பளத்தைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்கள். கடை முதலாளி அடுத்த மாதம் பார்க்கலாம் என்கிறார். உன்னிடம் மறுபடி கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன், கேட்டுவிட்டேன்.

அண்ணி

ஜூன் 11

அண்ணி,

பணம் அனுப்பியிருக்கிறேன். நாளை அல்லது மறுநாள் உங்கள் கணக்கில் வந்துவிடும். எப்படி வந்தது என்று கேட்காதீர்கள்.

இது அண்ணனுக்காக இல்லை, உங்களுக்காகவும் இல்லை. உங்கள் கடிதம் வந்ததிலிருந்து வீட்டில் படுத்தால் என் வீட்டுச் சீலிங்கைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் வீட்டுக்காரர், "என்ன, பல்லி பிடிக்கிறியா?" என்கிறார். அவருக்கு ஒரு கார் நிறுத்துமிடத்தில் சீட்டு கிழிக்கும் வேலை கிடைத்திருக்கிறது. தொப்பி கொடுத்திருக்கிறார்கள். அதை வைத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்கிறார்.

உங்கள் ரொட்டிக்காரரைச் சீக்கிரம் கிளப்புங்கள். அவர் தலையில் கூரை விழுவதற்குள் கவலையில் என் தலை விழுந்துவிடும் போலிருக்கிறது.

அடுத்த மாதம் லீவு கிடைத்தால் வருகிறேன். சமாதானம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், கட்டடத்தைப் பார்க்கத்தான் வருகிறேன்.

பாப்பா

ஜூன் 16

பாப்பா,

உன் கடிதம் இன்று வந்தது. பணம் முன்பே வந்துவிட்டது. நீ எதுவும் தெரியாமல்தான் அப்படி எழுதியிருக்கிறாய், அதனால் உன்மேல் எனக்கு ஒன்றும் இல்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நீ எழுதிய அதே நாள் மத்தியானம் பின்னறைச் சீலிங் விழுந்துவிட்டது. அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

மனைவியும் குழந்தையும் கீழே சைக்கிள் கடையில் இருந்தார்கள். குழந்தைக்குச் சக்கரம் சுற்றுவதைப் பார்க்கப் பிடிக்கும். லாரி மோதியது போல் சத்தம் கேட்டது என்று கடைக்காரர் சொல்கிறார். நான் போய்ச் சேர்ந்தபோது ஆட்கள் துண்டு துண்டாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். நானும் எடுத்தேன். ஒவ்வொரு துண்டின் அடியிலும் வெள்ளைப் பெயிண்ட் இருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பிரயோஜனம் இல்லை.

போலீஸ்காரர் விசாரித்தார். இன்ஜினியர் எழுதிக் கொடுத்ததை நானே எடுத்துக் கொடுத்தேன். "அப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றார். தெரியும் என்றேன். பெயிண்ட் அடித்தது யார் என்று கேட்டார். என் வீட்டுக்காரர் என்றேன். என்னை மன்னித்துவிடு, அந்த இடத்தில் வேறு சொல்ல வரவில்லை.

நேற்று அவள் என் வீட்டுக்கு வந்தாள். திட்டுவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தேன். சாவியை மேஜைமேல் வைத்தாள். "அறையக் கூட்டிப் பெருக்கிட்டேங்கக்கா. பெரிய கல்லெல்லாம் மட்டும் என்னால தூக்க முடியல, ஓரமா ஒதுக்கி வச்சிருக்கேன்" என்றாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "அட்வான்ஸ் எப்பக்கா தருவீங்க?" என்றாள்.

நான் புரட்டியதையும் நீ அனுப்பியதையும் சேர்த்து எடுத்துக் கொடுத்தேன். எண்ணிப் பார்க்கச் சொன்னேன். எண்ணவில்லை. குழந்தை தோளிலேயே தூங்கிவிட்டிருந்தது. தன் அக்கா வீட்டுக்குப் போவதாகச் சொன்னாள்.

உன் அண்ணனைப் பற்றி எழுதாமல் பணம் மட்டும் கேட்டிருக்கலாம். நீயும் கோபப்படாமல் அனுப்பியிருப்பாய். உண்மையைச் சொல்ல வேண்டும் என்று எனக்கு என்ன அப்படி அவசரம் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

இன்னொன்று. பத்திரத்தைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். அதில் உன் பெயரும் இருப்பது இதுவரை போலீஸில் யாருக்கும் தெரியாது. அந்தப் புரோக்கர் தானாகவே போன் செய்தார். பழைய தேதி போட்டு உன் பங்கை என் பெயருக்கு மாற்றி எழுதிவிடலாம், ஆள் இருக்கிறது, நீ கையெழுத்துப் போட்டால் போதும், கேஸ் உன் பக்கம் வராது என்கிறார். உன் வீட்டுக்காரருக்கு இப்போதுதான் வேலை கிடைத்திருக்கிறது. நான் தனி ஆள், எனக்கு என்ன வந்தாலும் தாங்கிக்கொள்வேன். உன் கையெழுத்தை அனுப்பிவிடு.

அண்ணி

ஜூன் 21

அண்ணி,

உங்கள் கடிதத்தை லாண்டரி வாசலில் நின்று படித்தேன். படித்துவிட்டு உள்ளே போய் அன்றைய விரிப்புகளை எல்லாம் முடித்துக் கொடுத்தேன். கை பாட்டுக்கு மடித்துக்கொண்டே இருந்தது.

பெயிண்ட் சங்கதியை நீங்கள் எழுதியபோது நான் நம்பவில்லை என்று நினைத்திருப்பீர்கள். படித்த உடனேயே நம்பிவிட்டேன். அண்ணனை எனக்குத் தெரியும். கெட்டவன் இல்லை. அடுத்த மாதம் எல்லாம் சரியாகிவிடும் என்று கடைசிவரை நம்புகிறவன். நம்பியதால்தான் உங்கள்மேல் அவ்வளவு கோபம் வந்தது.

பணம் அப்போதே என்னிடம் இருந்தது. வாடகை பாக்கிக்குப் பயந்து ஒளிந்தபோதும் தொடாமல் வைத்திருந்தது. இல்லை என்று எழுதியது பொய். அண்ணனைப் பற்றி அப்படி எழுதியதற்கு உங்களைக் கொஞ்ச நாள் தவிக்க விடலாம் என்று நினைத்தேன். உங்களைத்தான் தவிக்க விடுவதாக நினைத்தேன், அண்ணி.

கையெழுத்து அனுப்ப மாட்டேன். அந்தப் புரோக்கரிடம் இனிமேல் பேசாதீர்கள். வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பிறகு எழுந்து போய் எனக்கு டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். ஸ்டேஷனுக்கு வர வேண்டாம், வழி தெரியும். பத்திரத்தை எடுத்து வையுங்கள், இரண்டு பேருமாகக் கொண்டுபோய்க் கொடுப்போம். அதற்கு முன்னால் அவள் அக்கா வீடு எங்கே என்று விசாரித்து என்னை அங்கே கூட்டிப்போங்கள். அவளிடம் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஒன்றும் பேச முடியாமலும் போகலாம்.

இவங்க யாருக்கா என்று அவள் கேட்டால், நாத்தனார் என்று சொல்லி நிறுத்திவிடாதீர்கள். வீட்டுக்காரி என்று சொல்லுங்கள்.

பாப்பா